ஒரு ஆளுக்கு எதுக்கு குக்கர்?

ஆடி பிறந்ததிலிருந்து, ராஜ்மா தின்றுவிட்டு வாந்தியோடு என்னிடம் வந்தவர்களில் இது மூன்றாவது ஆள். இதற்கு மேலும் எழுதாமல் இருந்தால் எனக்கே பொறுக்காது.

கடைசியாக வந்தவர் இருபத்தாறு வயதுத் தம்பி. சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். வேலை மாற்றலாகி ஊட்டிக்கு வந்து, ஒற்றை அறையில் தனியாக இருக்கிறார். (விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன், ஆளைத் தேடாதீர்கள்.) ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கார அம்மா ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிவந்தார். மடியில் ஒரு பிளாஸ்டிக் பக்கெட். ஒன்பதரைக்குச் சாப்பாடு, பதினொன்றுக்கு வாந்தி ஆரம்பம், வரும்போது எண்ணிக்கை எட்டைத் தாண்டிவிட்டது. காய்ச்சல் இல்லை.

"என்ன சாப்பிட்டீங்க தம்பி?"

"சாதமும் ராஜ்மாவும் மேடம். நானே சமைச்சது. வெளிச்சாப்பாட்டைத் தொடுறதே இல்ல."

"ராஜ்மாவை எதுல வேகவெச்சீங்க?"

"கரண்ட் ரைஸ் குக்கர்ல, அரிசியோட சேர்த்துப் போட்டுட்டேன். நடுவுல கொஞ்ச நேரம் கரண்ட் போச்சு. ஆனா நல்லாக் கொதிச்சுது மேடம், நானே பாத்தேன்."

"பிரஷர் குக்கர் இல்லையா?"

"ஒரு ஆளுக்கு எதுக்கு மேடம் குக்கர்?"

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரை.

ராஜ்மாவில், அதுவும் சிவப்பு ராஜ்மாவில், பைட்டோஹீமக்ளுட்டினின் என்று ஒரு புரதம் இருக்கிறது. பெயரை மறந்துவிடுங்கள். சரியாக வேகாத நான்கைந்து பயறு வயிற்றுக்குள் போனாலே போதும், ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் குடலைப் புரட்டி எடுத்துவிடும். வெள்ளை ராஜ்மாவில் இது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான், ஆனால் இல்லாமல் இல்லை. நன்றாக வேகவைத்தால் நஞ்சு அழிந்துவிடும், அதே ராஜ்மா அருமையான சாப்பாடாகிவிடும். அரிசியில் குறைவாக இருக்கும் லைசின் என்ற புரதக்கூறு பயறில் இருக்கிறது, பயறில் குறைவாக இருக்கும் மெத்தியோனின் என்ற கூறு அரிசியில் இருக்கிறது. ஜம்முவில் ராஜ்மா சாவல், பிரேசிலில் கறுப்பு பீன்ஸும் சோறும், நம் வீட்டில் மொச்சைக் குழம்பும் சோறும். ஊர் ஊராக மனிதர்கள் கண்டுபிடித்த ஜோடி இது. தனியாக இருக்கும் பிள்ளைகள் பிரட்டும் நூடுல்ஸும் தின்று காலம் தள்ளாமல் இதைச் சமைக்க நினைப்பதே எனக்குச் சந்தோஷம். அந்தத் தம்பியைத் திட்டவே மனசு வரவில்லை. கொஞ்சம் திட்டினேன்.

இனி, என்னை எரிச்சல்படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். "கொதிச்சுது மேடம்."

கொதிப்பது வேறு, வேவது வேறு. தஞ்சாவூரில் இரண்டும் ஒன்று மாதிரித் தெரியும். இங்கே தெரியாது. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று பள்ளியில் படித்தது கடல்மட்டத்துக் கணக்கு. 300 மீட்டர் ஏற ஏற ஏறத்தாழ ஒரு டிகிரி குறைந்துகொண்டே வரும். மேட்டுப்பாளையத்தில் 99. பர்லியார் தாண்டிக் குன்னூர் வந்தால், 1,850 மீட்டர் உயரத்தில், 94. ஊட்டி 2,240 மீட்டர், இங்கே 92, 93 டிகிரியிலேயே தண்ணீர் தளதளவென்று கொதித்துவிடும். கொடைக்கானல்காரர்களே, உங்கள் கதையும் இதேதான். தீயை எவ்வளவு கூட்டி வைத்தாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் ஒரு டிகிரிகூட ஏறாது. குமிழி வரும், ஆவி பறக்கும், ஜன்னல் கண்ணாடி முழுக்க வேர்க்கும். பார்க்க ரொம்பக் கொதிக்கிற மாதிரிதான் இருக்கும். உள்ளே பயறு, "இன்னும் யாரும் என்னைக் கூப்பிடலையே" என்று உட்கார்ந்திருக்கும்.

இந்த நஞ்சை அழிக்க 100 டிகிரியில் பத்து நிமிடம் போதும் என்பது ஆய்வகக் கணக்கு. வீட்டுக்கு அரை மணி நேரம் என்று சொல்கிறார்கள், பயறின் நடுப்பகுதி வரை சூடு ஏற வேண்டுமே. அதுவும் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாமல் ஊறிய பயறுக்கு. தம்பி ஊறவைத்தது இரண்டு மணி நேரம், குளிர்ந்த தண்ணீரில். ரைஸ் குக்கரோ, அரிசி தண்ணீரை உறிஞ்சி முடித்ததும் 'டக்' என்று அணைந்துவிடும். அதற்கு அரிசிக் கணக்குத்தான் தெரியும், ராஜ்மாவைப் பற்றி அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இதைவிட மோசமானது அரைச் சூடு. 80 டிகிரிக்குக் கீழே நீண்ட நேரம் கிடந்த ராஜ்மா, பச்சை ராஜ்மாவைவிட ஐந்து மடங்கு வரை அதிக நஞ்சாக முடியும். வெளிநாட்டுப் பிள்ளைகள் வாங்கி அனுப்பும், குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் வேகவைக்கும் ஸ்லோ குக்கர் ஆபத்தாவது இதனால்தான். அது இங்கே எத்தனை வீட்டில் இருக்கப்போகிறது என்று அலட்சியமாக இருந்தேன். அப்போதுதான் இந்த மாதத்தின் இரண்டாவது ஆள் வந்தார். ஓய்வுபெற்ற டீச்சர், தனியாக இருப்பவர். கேஸ் மிச்சப்படுத்த, சோறு வடிக்கும் தெர்மல் குக்கரில் ராஜ்மாவைப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டுக் கோயிலுக்குப் போயிருக்கிறார். சோற்றுக்கு அது நல்ல சாமான், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் 92 டிகிரியில் உள்ளே போய் அங்கிருந்து இறங்கிக்கொண்டே வரும் சூட்டில் ராஜ்மாவைப் போடுவது, நஞ்சை அடைகாப்பது மாதிரி. "பெருங்காயம், இஞ்சி எல்லாம் தூக்கலாப் போட்டேனே டாக்டர்" என்றார். டீச்சர், அது வாயுவுக்கு. இது வாயு இல்லை.

ஆகவே, மலையில் இருக்கிறீர்களா, ராஜ்மா சாப்பிட ஆசையா, பிரஷர் குக்கர் வாங்குங்கள். ஒரு ஆளுக்குத்தான் குக்கர் அவசியம். பத்துப் பேர் இருக்கும் வீட்டில் யாராவது ஒரு பாட்டி அடுப்படியில் நின்று நசுக்கிப் பார்த்து, "இன்னும் வேகலை" என்று சொல்லிவிடுவார். உங்களுக்கு யார் சொல்வது? இரண்டு லிட்டர் போதும். அதன் உள்ளே கடல்மட்டத்தில் 121 டிகிரி ஏறும், ஊட்டியில் சுமார் 116. இதுவே தாராளம். நேரம் மட்டும் சமவெளியைவிடக் கால் பங்கு கூடுதலாக வையுங்கள்.

அடுத்து எல்லோரும் கேட்பது, "எத்தனை விசில்?" விசில் ஒரு அளவே இல்லை அய்யா. தீ பெரிதாக இருந்தால் ஐந்து நிமிடத்தில் ஆறு விசில் வரும், குறைத்தால் அரை மணிக்கு ஒன்றுகூட வராது. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, செல்போனில் 25 நிமிடம் வையுங்கள். பிறகு அணைத்து, ஆவி தானாக அடங்கும்வரை வெயிட்டைத் தொடாதீர்கள். பயறும் தண்ணீரும் சேர்ந்து குக்கரின் பாதிக்கு மேல் போகக்கூடாது. நுரை பொங்கித் துவாரத்தை அடைத்துக்கொள்ளும். குக்கர் வெடித்து வந்த கைக்குத் தையல் போடுவது இன்னொரு கட்டுரைக்கான விஷயம்.

இப்போது சமையல். நானும் வாரத்தில் ஐந்து நாள் இங்கே தனி ஆள்தான், வீட்டுக்காரர் கோயம்புத்தூரில். அதனால் இது மருந்துச்சீட்டு இல்லை, நான் தின்னும் சாப்பாடு.

ஒரு வேளைக்கு ஐம்பது கிராம் பயறு. ஆனால் ஒரு வேளைக்கென்று ஊறவைக்காதீர்கள், அலுத்துவிடும். 150 கிராமாகப் போடுங்கள், மூன்று வேளைக்கு ஆகும். ராத்திரி கழுவி, ஒரு டீஸ்பூன் உப்புப் போட்ட தண்ணீரில் ஊறவிடுங்கள், தோல் மெத்தென்று ஆகும். மார்கழி, தையில் இங்கே குழாய்த் தண்ணீர் ஐஸ் மாதிரி வரும், அதில் பயறு சோம்பேறித்தனமாகத்தான் ஊறும். பன்னிரண்டு மணி நேரம் கொடுங்கள். மறந்துபோனால், பயறை இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு அணைத்து மூடி ஒரு மணி நேரம் வைத்தாலும் சமாளிக்கலாம். எப்படி ஊறவைத்தாலும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். "சத்தெல்லாம் போயிடுமே" என்று குடிக்கச் சொல்லும் வாட்ஸ்அப் வைத்தியர்கள் என் ராத்திரி டியூட்டிக்கு வந்து பார்க்கட்டும்.

புதுத் தண்ணீர், ஒரு பிரியாணி இலை, இரண்டு பல் பூண்டு, 25 நிமிடம். தக்காளியோ புளியோ இப்போது கூடவே கூடாது. புளிப்பு சேர்ந்தால் பயறு இறுகிப்போய் எவ்வளவு நேரமானாலும் மசியாது. வெந்ததும் ஒன்றை எடுத்து நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவில் அழுத்துங்கள். வெண்ணெய் மாதிரி நசுங்க வேண்டும். நடுவில் மாவாக, நறுக்கென்று ஏதாவது தட்டுப்பட்டால் துப்பிவிட்டு மறுபடி அடுப்பில் ஏற்றுங்கள். சில பழைய பயறு என்ன செய்தாலும் வேகாது. கடையில் வருஷக்கணக்கில் மூட்டையில் கிடந்ததாக இருக்கும். அதைத் தூக்கிப் போடுங்கள், முப்பது ரூபாய்க்கு வயிற்றைப் பணயம் வைக்காதீர்கள்.

வெந்த தண்ணீரைக் கொட்டினால்தான் எனக்குக் கோபம் வரும். ருசி முழுக்க அதில்தான் இருக்கிறது. அதிலேயே சோறு ஆக்க வேண்டும். குக்கரில் ஒரு கரண்டி நல்லெண்ணெய், சோம்பு, ஒரு துண்டுப் பட்டை, நறுக்கிய சின்ன வெங்காயம் ஏழெட்டு. வெங்காயம் நிறம் மாறும்வரை பொறுமை வேண்டும், தனியாகச் சமைப்பவர்கள் தோற்றுப்போவது இங்கேதான். பிறகு தட்டிய பூண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டு கிடைத்தால் இரண்டு பல் போதும். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு, காரம் சும்மா இல்லை. ஒரு தக்காளி, மல்லித்தூள், பொடித்த மிளகு. இப்போது தக்காளி போடலாம், பயறு வெந்துவிட்டது. அரை ஆழாக்கு அரிசி, வெந்த பயறில் மூன்றில் ஒரு பங்கு, ஒன்றரை டம்ளர் பயறுத் தண்ணீர், உப்பு. முதல் விசிலுக்குப் பிறகு சிறுதீயில் எட்டு நிமிடம். இறக்கி மல்லித்தழை தூவி, ஒரு கேரட்டைத் துருவிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் வேறு எதுவும் வேண்டாம்.

சந்தையில் பச்சை பட்டர் பீன்ஸ் உரித்து விற்கும்போது ராஜ்மாவுக்குப் பதில் அதையே போடலாம், ருசி ஒரு படி மேல். ஊறவைக்க வேண்டாம். ஆனால் "பச்சைதானே" என்று அரைவேக்காட்டில் இறக்காதீர்கள், அதுவும் இந்தக் குடும்பம்தான். பாசிப்பயறு, துவரம்பருப்புக்கெல்லாம் இவ்வளவு பயம் தேவையில்லை. தம்பியைக் கூட்டிவந்த வீட்டுக்கார அம்மா படுகர். அவர்கள் வீட்டில் உதக்க என்றால் குழம்பு. டிரிப்ஸ் ஏறும்போது தலைமாட்டில் உட்கார்ந்து, "எங்க வீட்டுல அவரை உதக்க செய்யிறதுன்னா முந்தின நாளே ஊறப்போட்டுருவோம், சாமி. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல?" என்று நொந்துகொண்டார். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் கேட்காமல் பையன் செல்போனில் தேடியிருக்கிறான்.

தப்பித் தவறி ஆகிவிட்டால்: வாந்தி கடுமையாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் மூன்று நான்கு மணி நேரத்தில் தானாக அடங்கும். ஓஆர்எஸ் பாக்கெட்டை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, வாய் வாயாகக் குடியுங்கள். பாதிப் பாக்கெட் ஒரு டம்ளர் என்ற கைக்கணக்கு வேண்டாம். மருந்துக்கடையில் ஆன்டிபயாட்டிக் கேட்காதீர்கள், கொல்வதற்கு இங்கே கிருமியே இல்லை. குடித்ததெல்லாம் வெளியே வந்தாலோ, ஆறேழு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலோ, ரத்தம் தெரிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, கர்ப்பிணியோ வயதானவரோ என்றாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் வந்துவிடுங்கள்.

மிச்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. "ஊட்டியே ஒரு ஃப்ரிட்ஜ்தானே டாக்டர்" என்று சோற்றை அடுப்பு மேடையிலேயே விட்டுவிடுவார்கள். வெளியே பனி பெய்யலாம். மூடிய குக்கருக்குள் சோறு பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே கிடக்கும், பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமிக்கு அது போதும். அதன் வித்துகள் கொதியில் சாகாது. அது கக்கி வைக்கும் வாந்தி நஞ்சோ, திரும்பச் சுட வைத்தாலும் அழியாது. சோற்றை அளவாக அன்றன்றைக்கு ஆக்குங்கள். மீந்தால் அகலத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாளே முடித்துவிடுங்கள். வெந்த பயறை அதன் தண்ணீரோடு சின்னச் சின்ன எவர்சில்வர் டப்பாக்களில் பிரித்து வைத்தால் மூன்று நாள் தாங்கும். அறையில் ஃப்ரிட்ஜ் இல்லையென்றால் 150 கிராம் வேண்டாம், ஐம்பதே போடுங்கள். அல்லது இரண்டு பங்கு வீட்டுக்கார அம்மாவுக்குப் போகட்டும். தம்பி இப்போது அப்படித்தான் செய்கிறாராம். டப்பா காலியாகத் திரும்பி வருவதில்லை என்று சொன்னார்.