எட்வர்டு எப்படி 'நெட்' ஆனார்?

ஒரு வாசகி கேட்டிருந்தார்: "ராபர்ட்டை ராப் என்று சுருக்குவது புரிகிறது. எட்வர்டைச் சுருக்கினால் எட் என்றுதானே வர வேண்டும்? நெட் என்றும் கூப்பிடுகிறார்களே, அந்த 'ந' எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது?"

முதலில் எட்வர்டை முடித்துவிடுவோம். பழைய ஆங்கிலத்தில் முன்பாதிக்குச் செல்வம் என்று பொருள், பின்பாதிக்குக் காவலன். 'செல்வக் காவலன்' என்று பெயர்ப் புத்தகங்கள் அழகாகப் போட்டுவிடும். ஆனால் அந்தக் காலத்தில் பாதிகளைக் கோத்துத்தான் பெயர் வைத்தார்கள், கோத்த பிறகு பொருள் வருகிறதா என்று பெரிதாகக் கவலைப்படவில்லை. 1095இல் இறந்த வூஸ்டர் பிஷப் வுல்ஃப்ஸ்டனைப் பாருங்கள். அம்மா பெயரிலிருந்து 'வுல்ஃப்', அப்பா ஏதெல்ஸ்டன் பெயரிலிருந்து 'ஸ்டன்'. பொருள் பார்த்தால் 'ஓநாய்க்கல்'! எண்கணிதம் பார்த்துப் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டிக்கொள்கிறவர்களைக் கண்டால் எனக்கு இந்த ஓநாய்க்கல்தான் நினைவுக்கு வரும். அவர் அந்தப் பெயரோடு நன்றாகத்தான் இருந்தார், புனிதர் பட்டமே கிடைத்தது.

1066இல் பிரான்சின் வடபகுதியிலிருந்து வந்த நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்ததும் வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட் எல்லாம் வந்து இறங்கின. சில தலைமுறைகளில் பழைய பெயர்கள் பெரும்பாலும் வழக்கொழிந்தன. எட்வர்டு தப்பியதற்குக் காரணம் பக்தி. அந்தப் பெயருள்ள பழைய அரசர் 1161இல் புனிதரானார். அவர்மேல் பெரும் பக்தி கொண்ட அரசர் மூன்றாம் ஹென்றி, 1239இல் பிறந்த தன் மகனுக்கு அந்தப் பெயரையே வைத்தார்.

சரி, 'ந'வுக்கு வருவோம். இன்று ஆங்கிலத்தில் 'என்' என்பதற்கு 'மை' என்கிறார்கள். இடைக்கால ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு வடிவம்: மெய்யொலிக்கு முன்னால் 'மீ', உயிரொலிக்கு முன்னால் 'மீன்'. ஆக, என் ராபர்ட் 'மீ ராபர்ட்', என் எட் 'மீன் எட்'. இதை வேகமாகச் சொல்லிப் பாருங்கள்: மீனெட். கேட்கிற குழந்தை எங்கே வெட்டும்? மீன்-எட் என்றும் வெட்டலாம், மீ-நெட் என்றும் வெட்டலாம். இரண்டுமே இலக்கணத்துக்குப் பொருந்துகிறது, காதுக்கு வித்தியாசமே தெரியாது. கத்தி ஓர் ஒலி முன்னால் விழுந்தது, நெட் பிறந்துவிட்டார். எலன் 'நெல்' ஆனதும், ஆன் என்ற பெண்பெயர் 'நான்' ஆனதும், ஆலிவர் 'நால்' ஆனதும் இப்படித்தான். இங்கிலாந்தை ஆண்ட ஆலிவர் கிராம்வெல்லையே 'கிழட்டு நால்' என்று அழைத்தார்கள்.

ஆள் பெயர்களில் இது செல்லப்பெயருக்கு மட்டும் நடந்ததைக் கவனியுங்கள். நெட்வர்டு என்று யாரும் இல்லை. 'என் ராசா', 'என் கண்ணு' என்று கொஞ்சும்போதுதானே 'என்' வருகிறது? பத்திரத்தில் யார் 'என் எட்வர்டு' என்று எழுதப் போகிறார்கள்?

நம் ஊர் அம்மு இப்படி 'நம்மு' ஆக வாய்ப்பில்லை. என்னோடு அம்மு சேர்ந்தால் ஒற்று இரட்டித்து 'என்னம்மு' ஆகும். வெட்டினாலும் மிஞ்சுவது 'னம்மு', றன்னகரத்தில் தமிழ்ச்சொல் தொடங்காது. புணர்ச்சி விதிகளைப் பள்ளியில் திட்டிக்கொண்டே படித்த எனக்கு இப்போதுதான் அவற்றின்மேல் கொஞ்சம் பாசம் வருகிறது.

ராபர்ட் பாப் ஆனதும், வில்லியம் பில் ஆனதும், ரிச்சர்ட் டிக் ஆனதும், மார்கரெட் பெக் ஆனதும் வேறு வழி. ராப்-பாப், வில்-பில், ரிக்-டிக், மெக்-பெக்: முதல் ஒலியை மட்டும் மாற்றிய எதுகை விளையாட்டு.

கத்தி எதிர்த்திசையிலும் விழுந்திருக்கிறது. சமையலறையில் கட்டிக்கொள்கிற ஏப்ரன் ஒரு காலத்தில் 'நேப்ரன்', நாப்கினுக்கு உறவு. ஆங்கிலத்தில் 'ஒரு' என்பதற்கு மெய்யொலிக்கு முன்னால் 'எ', உயிரொலிக்கு முன்னால் 'ஆன்'; 'எ நேப்ரன்' என்பதை 'ஆன் ஏப்ரன்' என்று வெட்டியதில் 'ந' போய்விட்டது.

அப்புறம், செல்லப்பெயருக்கு ஆங்கிலத்தில் நிக்நேம் என்கிறோமே, அதுவே இப்படி வெட்டுப்பட்ட சொல்தான். 'ஈக்' என்றால் கூடுதல், கூடுதல் பெயர் 'ஈக்நேம்'. 'ஆன் ஈக்நேம்' என்று சொல்லிச் சொல்லி, அதுவும் ஒரு 'ந'வைத் திருடிக்கொண்டது.