மணற்காட்டில் சைக்கிள் ஏன் புதைகிறது?

வடமராட்சி கிழக்கில் மணற்காட்டுக்குப் போனவர்களுக்கு அந்த இடம் தெரியும். ஒரு பக்கம் சவுக்கங்காடு, அப்பால் வெளிர் மணல் மேடுகள், மணலுக்கு நடுவே இடிந்து நிற்கும் பழைய அந்தோனியார் கோயிலின் சுவர்கள். எவ்வளவு வேகமாகச் சைக்கிளில் வந்தாலும், மணலைத் தொட்டு ஐந்தாறு மீற்றருக்குள் முன்சில்லு ஒரு பக்கம் இழுக்கும், பின்சில்லு புதையும், கால் தானாகவே நிலத்தில் ஊன்றும். சின்ன வயதில் எல்லோரும் அந்த இடத்தில் இறங்கி உருட்டிக்கொண்டு போனவர்கள்தான்.

நான் இப்போது சனி, ஞாயிறு விடியப்புறங்களில் அந்த மணலைத் தேடியே போகிறேன். சைக்ளோகிராஸ் என்றொரு சைக்கிள் ஓட்டப்போட்டி இருக்கிறது. சேறு, புல், மணல், படிக்கட்டு எல்லாம் கலந்த குறுகிய சுற்றுப்பாதையை, பெரியவர்களுக்கு ஒரு மணித்தியாலம் வரை, திரும்பத் திரும்ப ஓட வேண்டும். இடையில் 40 சென்ரிமீற்றர் வரை உயரமான பலகைத் தடைகள் வரும். இறங்கி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தாண்டி, ஓடியபடியே மறுபடி ஏற வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் உருவான விளையாட்டு இது. முதல் உலகப் போட்டி 1950இல் பாரிசில் நடந்தது. இங்கே அப்படியொரு போட்டி நடந்து நான் பார்த்ததில்லை. பெல்ஜியத்தில் இருக்கும் மச்சான் ஒருவர் தன் பழைய சைக்கிளைப் பகுதி பகுதியாகக் கழற்றி அனுப்பிவைத்தார், அதில் பிடித்தது இந்தப் பைத்தியம்.

அவர் இருக்கும் நாட்டில் கொக்சைட என்றொரு கடற்கரை ஊர் உண்டு. அங்குள்ள மணல் மேடுகளில் 2012இல் உலகப் போட்டி நடந்தபோது, ஆண்கள் பிரிவில் முதல் 7 இடங்களையும் பெல்ஜியக்காரரே பிடித்தார்கள். காலில் பலம் இருக்கிற வீரர்கள் மற்ற நாடுகளிலும் இருந்தார்கள். ஆனால் மணலில் வளர்ந்தவர்களுக்கு மணலின் குணம் தெரியும். அந்தக் குணத்தைத்தான் நானும் மெல்ல மெல்லப் படித்துவருகிறேன்.

முதல் பாடம் கிடைத்தது எங்கள் ஒழுங்கை முகப்பில் இருக்கும் சைக்கிள் கடையில். வழக்கம்போல ரயரைக் கல்லுப்போல அடித்துத் தரச் சொன்னேன். எங்கே ஓடப்போகிறேன் என்று கேட்ட கடைக்கார அண்ணை, "மணலுக்கு என்டால் காத்தைக் கொஞ்சம் விடும் தம்பி" என்றார். அவர் சொன்னதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு மிகவும் எளிமையானது.

ரயர் அழுத்தத்தை பி.எஸ்.ஐ. என்று சொல்கிறோம். ஒரு சதுர அங்குலத்துக்கு எத்தனை இறாத்தல் என்பதுதான் அது. நானும் சைக்கிளுமாக 80 கிலோ. அதில் பின்சில்லின் மேல் விழுவது ஏறக்குறைய 50 கிலோ, அதாவது 110 இறாத்தல். ரயருக்குள் 55 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால், அந்தப் பாரத்தைத் தாங்க ரயர் 2 சதுர அங்குல அளவுக்கு நிலத்தில் பதிந்தால் போதும். காற்றை 22 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால் 5 சதுர அங்குலம் பதிந்தாக வேண்டும். ரயரின் சொந்த விறைப்பும் கொஞ்சம் பாரம் தாங்குவதால் கணக்கு அச்சொட்டாக வராது, ஆனாலும் விசயம் இதுதான்: ரயருக்குள் எவ்வளவு அழுத்தமோ, ஏறக்குறைய அவ்வளவு அழுத்தத்தோடுதான் அது நிலத்தையும் அமத்துகிறது. இவ்வளவு நேரடியான உறவு என்று விளங்கிய நாளில் எனக்கு உண்மையாகவே புல்லரித்தது.

சரி, அதிகம் அமத்தினால் மணல் ஏன் இடங்கொடுக்கிறது? காய்ந்த மணலின் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டிவைக்க எதுவும் இல்லை. உராய்வு மட்டுமே அவற்றைப் பிடித்துவைத்திருக்கிறது. அது தாங்கும் எல்லையைப் பாரம் தாண்டினால் துகள்கள் பக்கவாட்டிலும் முன்னாலும் வழிந்து ஓடும். சில்லு பள்ளத்தில் இறங்கும், அதற்கு முன்னால் சின்னதாக ஒரு மணல் குவியல் எழும்பும். சில்லு அந்தக் குவியலில் ஏற ஏற, குவியலும் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். அதாவது மணலில் ஓடுவது முடிவில்லாத ஒரு மேட்டில் ஏறுவது போன்றது. மலையே இல்லாத யாழ்ப்பாணத்தில் எனக்கு மலையேற்றப் பயிற்சி தருவது இந்த மணல்தான். காற்றைக் குறைத்தால் ரயரின் தடம் முக்கியமாக நீளத்தில் கூடுகிறது, பள்ளம் ஆழம் குறைகிறது, ஏறவேண்டிய குவியலும் சிறுக்கிறது.

அகலமான ரயர் போட்டால் காற்றை இன்னும் குறைத்து ஓடலாம். ஆனால் சர்வதேசப் போட்டிகளில் 33 மில்லிமீற்றருக்கு மேல் அகலம் கூடாது என்பது விதி. அதனால்தான் பெரிய வீரர்கள் காற்றை 20 பி.எஸ்.ஐ.க்கும் கீழே இறக்கி, ஒவ்வொரு புள்ளிக்கும் மினக்கெடுகிறார்கள்.

அப்படியானால் இன்னும் இறக்கலாமே என்று தோன்றும். இறக்கினேன், பட்டேன். மணல் முடிந்து பாதை ஏறும் இடத்தில் ஒரு சுண்ணாம்புக்கல் நின்றது. ரயர் முழுக்க நசுங்கி, கல்லுக்கும் றிம்முக்கும் நடுவே ரியூப் அகப்பட்டு, அருகருகே இரண்டு ஓட்டை விழுந்தது. ரியூப் இல்லாத ரயருக்கு மாறியது அதன் பிறகுதான். அதற்குள் ஊற்றும் பால்போன்ற திரவத்தில் இறப்பர் பால் கலந்திருக்கும். நெருஞ்சி முள் குத்தினால் காற்று வெளியேறும் வழியிலேயே அது உறைந்து ஓட்டையை அடைத்துவிடும். எங்கள் வெக்கையில் அந்தத் திரவம் சீக்கிரம் காய்ந்துபோகும், அடிக்கடி திறந்து பார்க்க வேண்டும்.

வெக்கை காற்றையும் விடாது. நிழலில் 30 பாகையில் 22 பி.எஸ்.ஐ. அடித்த ரயர், வெயிலில் நின்று 50 பாகைக்குச் சூடேறினால் உள்ளே அழுத்தம் இரண்டரைப் புள்ளி அளவுக்குக் கூடும். 60 பி.எஸ்.ஐ. ரயரில் அதை உணரவே மாட்டீர்கள். 22இல் அது பத்தில் ஒரு பங்குக்கும் மேல். ஆகவே ஓடப்போகும் இடத்தில் வைத்தே அளக்கிறேன். பெருவிரலால் அமத்திப் பார்ப்பது இந்த நுணுக்கத்துக்குப் போதாது, அளவுமானி வேண்டும்.

அடுத்தது சமநிலை. சைக்கிள் ஒரு பக்கம் சரியும்போது, நம்மை அறியாமலே ஹாண்டிலை அந்தப் பக்கம் திருப்பி, சில்லுகளை உடம்புக்குக் கீழே கொண்டுவருகிறோம். நாம் விழாமல் ஓடுவது இப்படித்தான். மணலில் திருப்பிய முன்சில்லு கலப்பைபோல உழுது நின்றுவிடும், சைக்கிள் உடம்புக்குக் கீழே வந்து சேராது. அதனால் ஹாண்டிலைத் தளர்வாகப் பிடித்து, பாரத்தைப் பின்னால் வைத்து, இடுப்பை அசைத்தே திசை பிடிக்க வேண்டும். இது எனக்குக் கைவர ஒரு மாரி முழுக்க எடுத்தது.

சைக்கிளில் ஓட முடியாத ஆழமான மணலில் வீரர்கள் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். அதுவும் கணக்குத்தான். என்னுடைய 80 கிலோக் கணக்கில், 176 இறாத்தல் பாரம் முழுக்க ஒற்றைக் காலில் விழுந்தாலும், சப்பாத்தின் அடி ஏறக்குறைய 24 சதுர அங்குலம் இருக்கும். அழுத்தம் 7 பி.எஸ்.ஐ. சொச்சம்தான். இந்தப் போட்டிக்குப் போடும் எந்த ரயரும் நம் பாதத்தின் அளவுக்கு மென்மையாக நிலத்தை மிதிப்பதில்லை.

உடம்புக்கு இது கொடூரமான வேலை. பெடலில் நான் கொடுக்கும் சக்தி 200 வாற்று என்றால், அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் தசைகளில் வெப்பமாக வெளிவருகிறது. அதை ஆற்றுவது வியர்வை காய்வதுதான், ஈரப்பதன் கூடிய கரையோரக் காற்றில் அது இலேசில் காயாது. ஆறு மணிக்கு முன்னரே தொடங்கி எட்டரைக்குள் முடித்துவிடுவேன். அப்புறம் உப்புப் போட்ட மோர்.

மேடுகளின் மேல் மட்டும் ஏறி ஓடுவதில்லை. அங்கே அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் வேர்விட்டு மணலைப் பிடித்துவைத்திருக்கின்றன. சில்லு ஏறி அவை அறுந்தால் காற்று மணலை அள்ளிக்கொண்டு போய்விடும். ஏற்கெனவே ஆட்கள் நடந்து உழுத தடங்களே எனக்குப் போதும்.

கடற்கரையில் ஒரு காட்சியை அடிக்கடி பார்க்கிறேன். கரியரில் மீன் பெட்டி கட்டிய ஒருவர், எந்த விசேட ரயரும் இல்லாமல், அலை தொட்டுவிட்டுப் போன ஓரத்தால் சாதாரணமாக ஓடிப்போவார். அங்கே துகள்களுக்கு நடுவே கொஞ்சம் தண்ணீர் நிற்கிறது. அதன் பரப்பிழுவிசை துகள்களை ஒன்றோடொன்று இழுத்துக் கட்டுகிறது. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பதை மணல் துகளிலும் காணலாம். தண்ணீர் கூடி இடைவெளி முழுக்க நிரம்பினால் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும். ஆகவே காய்ந்த மணலுக்கும் ஊறிய மணலுக்கும் நடுவே உறுதியான கீற்று ஒன்றுதான் மிஞ்சும். நமது கடலில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றர்கூட வராது, அதனால் அந்தக் கீற்றும் ஒடுங்கியதுதான். மீன்காரர் அதை விட்டு ஒரு சாண் விலகுவதில்லை.

ஐப்பசியில் மழை தொடங்கினால் மணற்காடு முழுக்கவே அந்தக் கீற்றைப்போல இறுகிவிடும். அப்போது நான் 4 பி.எஸ்.ஐ. கூட்டி அடித்துக்கொண்டு போவேன்.