ரீசெட் பட்டனை அழுத்துவதற்கு முன்னால்

பழுதான இயந்திரத்தைப் பார்க்கப் போனால் பெரும்பாலும் காதில் விழும் பதில், "அது எப்பவும் அப்படித்தான் சார் சத்தம் போடும்." எப்போதிலிருந்து என்று கொஞ்சம் விடாமல் கேட்டால், "பெல்ட் மாத்தினதிலிருந்து" என்று வரும். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். பெல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கியிருப்பார்கள், புல்லி பக்கத்து பேரிங் அந்த இழுப்பைத் தாங்க முடியாமல் தேய ஆரம்பித்திருக்கும். யாரும் எதையும் மறைக்கவில்லை. சத்தம் காதுக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

கண்ட்ரோல் கார்டு, சென்சார் மாதிரியானவை சொல்லாமல் கொள்ளாமல் போகும். சுழலும் பாகங்கள் பெரும்பாலும் அப்படி இல்லை. அதிர்வு கூடும், சூடு ஏறும், சத்தம் மாறும், கிரீஸ் கறுத்து வெளியே வரும், சீல் கசியும். இதெல்லாம் அதிகமா குறைவா என்று சொல்ல ஒப்பிட ஏதாவது வேண்டும். இயந்திரம் நன்றாக ஓடும்போது எடுத்த அளவுதான் அதற்குச் சிறந்தது. அது இல்லையென்றால், பக்கத்தில் அதே வேலையைச் செய்யும் ஜோடி இயந்திரம்.

மோட்டார் மேல் கை வைத்துப் பார்த்து "சூடா இருக்கு" என்பதை நான் ஏற்பதில்லை. நல்ல நிலையில் ஓடும் மோட்டாரின் உடலே கை வைக்க முடியாத சூட்டில் இருக்கலாம். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு: பளபளப்பான உலோகத்தில் அது உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அளக்கும் இடத்தில் இயந்திரம் நிற்கும்போதே ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி, ஒவ்வொரு முறையும் அந்த டேப்பின் மேலேயே அளந்தால் போதும். இந்தச் சூட்டைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தாங்கும் அளவுக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸ் ஏறும்போதும் காயில் இன்சுலேஷனின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது எலக்ட்ரிக்கல் ஆட்கள் கைவசம் வைத்திருக்கும் கணக்கு.

சத்தம் வந்தால் கிரீஸ் அடிப்பது இன்னொரு பழக்கம். கிரீஸ் அடித்ததும் சத்தம் அடங்கி, கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்தால், உள்ளே பேரிங் ஏற்கெனவே சேதமாகியிருக்க வாய்ப்பு அதிகம். மேலும் மேலும் அடித்தால் கிரீஸ் உள்ளேயே கடையப்பட்டு பேரிங் இன்னும் சூடாகும். கிரீஸ் கன் மருந்தூசி இல்லை.

இனி ட்ரிப் விஷயம், அதாவது பாதுகாப்புக் கருவி மோட்டாரைத் தானாக நிறுத்திவிடுவது. ஒரு பம்ப் மோட்டார் அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று அழைத்தார்கள். ஒவ்வொரு ஷிஃப்டிலும் ரீசெட் செய்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பேனலைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது, கரண்ட் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலேயின் டயல். மோட்டாரின் நேம்பிளேட்டில் 28 ஆம்பியர், ரிலேயில் 34. "அடிக்கடி விழுந்துச்சு, அதான் கொஞ்சம் ஏத்தி வெச்சோம்" என்றார் எலக்ட்ரீஷியன். கிளாம்ப் மீட்டரை மாட்டினால் இரண்டு ஃபேஸில் கரண்ட் அளவுக்கு மேல், மூன்றாவதில் மிகக் குறைவு. லோடு கூடியிருந்தால் மூன்றிலும் சேர்ந்துதான் ஏறியிருக்கும். சப்ளையைத் துண்டித்துவிட்டு, மோட்டாருக்குக் கரண்டைப் போட்டு அணைக்கும் சுவிட்சான கான்டாக்டரைப் பிரித்தோம். ஒரு கான்டாக்ட் முனை மட்டும் கருகிப் பள்ளம் விழுந்து கிடந்தது. அந்த ஃபேஸ் முழுதாகப் போயிருந்தால் மோட்டார் இரண்டு ஃபேஸில் ஓட முயன்று காயிலை எரித்திருக்கும். ரிலே சரியாகத்தான் வேலை செய்தது. அதைத்தான் வாயடைத்து வைத்திருந்தார்கள்.

ட்ரிப் ஆனால் ரீசெட் பட்டனைத் தொடும் முன் ரிலே செட்டிங் எவ்வளவு, லோடு கையால் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும்; ஓட்டியதும் மூன்று ஃபேஸ் கரண்டையும் அளக்க வேண்டும். கையால் சுற்றிப் பார்ப்பது சப்ளையைத் துண்டித்துப் பூட்டிய பிறகுதான். ஒருமுறை காரணம் தெரிந்து ரீசெட் செய்யலாம். காரணம் தெரியாமல் திரும்பத் திரும்ப அழுத்தக் கூடாது. லிமிட் சுவிட்ச்சை டேப் சுற்றி அமுக்கி வைப்பது, கதவு திறந்தால் இயந்திரத்தை நிறுத்தும் இன்டர்லாக்கில் ஜம்பர் வயர் போட்டு ஏமாற்றுவது எல்லாம் இதே ஜாதிதான், இதைவிட மோசம். அங்கே போவது மோட்டார் இல்லை, ஆபரேட்டரின் விரல்கள்.

சரி, நிறுத்தி வேலை செய்ய வேண்டும் என்று முடிவாகிவிட்டது. எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்திவிட்டு உள்ளே கை விடுபவர்களை இன்னும் பார்க்கிறேன். அது இயந்திரத்தை நிறுத்தும். பெரும்பாலான இயந்திரங்களில் பேனலுக்கு வரும் சப்ளையை அது துண்டிப்பதில்லை. சப்ளையை முழுதாகத் துண்டிக்கும் ஐசொலேட்டரை அணைத்து, வேலை செய்யும் ஒவ்வொருவரும் அவரவர் பூட்டைப் போட்டு, சாவியை அவரவர் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் டெஸ்டரை முதலில் கரண்ட் இருக்கும் ஓரிடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்து, பிறகு வேலை செய்யப்போகும் இடத்தில் கரண்ட் இல்லை என்று உறுதி செய்து, மறுபடியும் கரண்ட் உள்ள இடத்தில் டெஸ்டரைச் சரிபார்க்க வேண்டும். நடுவில் டெஸ்டரே செத்துப்போனால் எல்லா இடமும் "கரண்ட் இல்லை" என்றுதான் காட்டும்.

சப்ளையைத் துண்டித்தால் மட்டும் போதாது. மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விஎஃப்டி டிரைவின் கெபாசிட்டரில் சப்ளையை அணைத்த பிறகும் ஆளைக் கொல்லும் மின்னழுத்தம் நிற்கும். எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று டிரைவின் மேலேயே ஒட்டியிருப்பார்கள். ஏர் லைனில் அழுத்தம், ஹைட்ராலிக் அக்யூமுலேட்டரில் தேங்கிய அழுத்தம், மேலே தூக்கி நிற்கும் பிரஸ் ராம், இவையும் தேங்கி நிற்கும் ஆற்றல்தான். ராமுக்கு அடியில் முட்டு கொடுக்காமல் தலையை நீட்டக் கூடாது.

வேலை பாதியில் நிற்கும் நேரம்தான் மிக ஆபத்தானது. 1988 ஜூலை 6 அன்று வடகடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் நடந்தது இதுதான். ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பராமரிப்புக்காகக் கழற்றி, அந்த இடத்தைத் தகடு போட்டு மூடியிருந்தார்கள். வால்வு இல்லை என்ற தகவல் இரவு ஷிஃப்டுக்குப் போய்ச் சேரவில்லை. ஓடிக்கொண்டிருந்த இன்னொரு பம்ப் ட்ரிப் ஆனது. அதனால் வால்வு கழற்றிய இந்தப் பம்பை ஓட்டப் பார்த்தார்கள். தகட்டின் வழியே கசிவு, வெடிப்பு, தீ. இறந்தவர்கள் 167 பேர். எனவே பாதியில் விட்ட வேலையை லாக் புக்கில் எழுதுவதோடு நிறுத்தாமல், இயந்திரத்தின் மேலேயே அட்டை தொங்கவிட்டு, அடுத்த ஷிஃப்ட் ஆளை அந்த இடத்துக்கே கூட்டிப்போய்க் காட்டிவிடுங்கள். "பம்ப் வேலை நடக்கிறது" என்று எழுதினால் போதாது. எது கழற்றப்பட்டிருக்கிறது, எது இன்னும் மாட்டவில்லை என்று எழுத வேண்டும்.

மாட்டி முடித்து ஓட்டிவிட்ட உடனே கிளம்புவதும் தப்பு. 1978இல் நௌலன், ஹீப் என்ற இருவர் யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானப் பாகங்களை ஆராய்ந்து எழுதிய அறிக்கையில், வயதானதால் பழுதாகும் தன்மை காட்டிய பாகங்கள் 11 சதவீதம்தான். 68 சதவீதப் பாகங்களில், பொருத்திய புதிதில்தான் பழுது அதிகம். விமானக் கணக்கு அப்படியே எல்லா ஆலைக்கும் பொருந்தாது. ஆனால் நன்றாக ஓடுவதைத் தேவையில்லாமல் பிரித்துப் போட்டால் புதுப் பழுது உள்ளே வரும் என்பதை நான் தினமும் பார்க்கிறேன். பிரித்து மாட்டியதை லோடில் ஓட விட்டு, சூடு ஒரு நிலைக்கு வந்த பிறகு கரண்ட், அதிர்வு, வெப்பம் எல்லாம் மறுபடி அளந்து எழுதுங்கள். அதுதான் அடுத்த முறை ஒப்பிட உதவும் அளவு.

கழற்றிய பேரிங்கை உடனே ஸ்கிராப்பில் போடாதீர்கள். துடைத்து, அறுத்து, பந்து ஓடும் பாதையைப் பாருங்கள். தடம் நேராக இல்லாமல் சாய்ந்து ஓடியிருந்தால் அலைன்மென்ட்டை, அதாவது ஷாஃப்ட்கள் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்பதை, சந்தேகப்பட வேண்டும். ஒரே இடைவெளியில் ஏணிப்படி மாதிரி குறுக்குக் கோடுகள் வரிசையாக விழுந்திருந்தால், விஎஃப்டியில் ஓடும் மோட்டாரில் ஷாஃப்ட் வழியாகக் கரண்ட் பாய்ந்திருக்கிறது என்று பொருள். அங்கே அதே பேரிங்கைப் புதிதாக மாட்டினால் அதுவும் கோடு விழுந்துதான் வெளியே வரும். ஷாஃப்ட்டுக்கு எர்த்திங் பிரஷ்ஷோ, இன்சுலேட்டட் பேரிங்கோ கேட்டு வாங்கிப் பொருத்த வேண்டும்.