ஒரே நாளில் 14 தடவை பிரஷர்

நோட்டை என் மேஜையில் விரித்து வைத்தார். மன்னார்குடி பக்கத்துக் கிராமம், நெல் விவசாயி, 60 வயதைத் தாண்டியவர். காலை 5.40: 138/84. 5.43: 146/88. 5.45: 158/94. கடைசி எண்ணுக்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு. அப்படியே பக்கம் நிறைந்து, ராத்திரி 2.10 வரை 14 பதிவுகள்.

"ரெண்டு மணிக்கு ஏன்யா எழுந்தீங்க?"

"தூக்கம் வரலை டாக்டர். பிரஷர் ஏறியிருக்குமோன்னு பாத்தேன். ஏறித்தான் இருந்துச்சு."

சிங்கப்பூரில் இருக்கும் மகன் அக்கறையாக வாங்கி அனுப்பிய மிஷின். என்னுடையதோடு ஒத்துப் பார்த்தேன், சரியாகத்தான் காட்டியது. ஆனால் பிரஷர் ஓரிடத்தில் நிற்கிற சங்கதி இல்லை. பேசினால் ஏறும், மூத்திரத்தை அடக்கினால் ஏறும், பயந்தால் கட்டாயம் ஏறும். முதல் எண் பிடிக்கவில்லை என்று உடனே மறுபடி பட்டையைச் சுற்றினார்; நெஞ்சு படபடக்க, எண் கூடியது. மூன்றாவது தடவை மிஷின் காட்டியது பெரும்பாலும் அவருடைய பயத்தைத்தான்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அன்று ராத்திரி தானாகவே ஒரு மாத்திரை கூடுதலாகப் போட்டிருக்கிறார். விடிகாலையில் கொல்லைக்குப் போக எழுந்தவர் தலைசுற்றி விழுந்துவிட்டார். முழங்கை சிராய்ப்போடு போனது. இடுப்பு எலும்பு உடைந்திருந்தால் அந்தப் போகமே போயிருக்கும்.

"மேட்டூர் நீர்மட்டத்தை ஒரு நாளைக்கு எத்தனை தடவை பாப்பீங்க?"

"காலையில பேப்பர்ல ஒரு தடவை."

"மணிக்கொரு தடவை பாத்தா 120 அடி சீக்கிரம் வந்துடாதா?"

சிரித்துவிட்டார். அப்புறம்தான் முறையைச் சொன்னேன். காபி, புகையிலை முடிந்து அரை மணியாவது ஆகட்டும். நாற்காலியில் சாய்ந்து, கால் தரையில் பட, பேசாமல் 5 நிமிடம். வெறும் கையில் பட்டை, கை நெஞ்சு உயரத்தில். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு பதிவு, காலையும் மாலையும், 7 நாள். முதல் நாளைத் தள்ளிவிட்டு மற்ற நாட்களின் சராசரி 135/85-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலானவர்களுக்குக் கவலையில்லை. மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் வேலை.

தொட்டுப் பார்க்கிற வியாதியும் உண்டு. கும்பகோணத்திலிருந்து வந்த ஓர் அம்மாவுக்குக் கழுத்தில் பட்டாணி அளவு நெறி கட்டியிருந்தது. செல்லில் தேடிப் பார்த்துவிட்டு, பத்து நாள் அழுத்தி அழுத்தியே அந்த இடத்தைப் புண்ணாக்கிக்கொண்டு வந்தார். நெறி பெரிதாகிக்கொண்டே போனாலோ, கல் மாதிரி அசையாமல் இருந்தாலோ, சில வாரமாகியும் கரையாவிட்டாலோ காட்டுங்கள். தினமும் நோண்ட வேண்டாம்.

அதற்காக எல்லாவற்றையும் அலட்சியம் செய்யச் சொல்லவில்லை. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுவது, பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கைகால் விழுவது: மிஷினில் என்ன எண் இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். இவை எதுவும் இல்லாமல் 180/120-ஐத் தாண்டினால், 5 நிமிடம் உட்கார்ந்து மறுபடி பாருங்கள். அப்படியே இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

அந்தப் பெரியவர் போன மாதம் நோட்டோடு வந்தார். நாளுக்கு நான்கே பதிவுகள், அதுவும் 7 நாளுக்கு மட்டும். அடுத்த பக்கத்திலிருந்து உர மூட்டைக் கணக்கு.