பாலாறு காய்ந்திருக்கும்போதும் கடலுக்குப் போகிறது

வெள்ளம் வந்தால் "இவ்வளவு தண்ணியும் வீணா கடல்ல கலக்குதே" என்று வருத்தப்படுகிறோம். மற்ற நாட்களில் வெறும் மணலைப் பார்த்துவிட்டு, பாலாற்றில் ஓட்டமே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். இரண்டும் சரியல்ல. மணலுக்கடியில் ஓட்டம் உண்டு என்பது, ஊற்றுக்கால் (மணலடி ஊற்று நீரைக் கொண்டுபோகும் வாய்க்கால்) வெட்டிப் பாசனம் செய்த வட ஆற்காட்டு ஊர்களுக்குப் பழைய செய்தி.

அந்த ஓட்டம் மிக மெதுவானது. வேலூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பாலாறு கடலில் சேரும் வயலூர் முகத்துவாரம் சுமார் 130 கி.மீ. தள்ளி. மணலின் நீர் கடத்தும் திறனை நாளுக்கு 50 மீட்டர், மணலில் உள்ள இடைவெளியைக் கால் பங்கு என்று வைத்து, இந்தச் சரிவோடு சேர்த்துக் கணக்கிட்டால், நீர் நாளுக்கு ஓர் அடிதான் நகரும். முழுத் தூரத்தையும் மணல் வழியாகவே கடக்க ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆகும். ஆகவே வயலூர்க் கடலடியில் இன்று கசிவது பெரும்பாலும் கரையோர ஊர்களின் நிலத்தடி நீர். ஆனால் வெள்ளம் இந்தக் கணக்கை மாற்றிவிடும். வேலூர்ப் பக்கத்து மணலில் தங்கிய உப்பைக் கரைத்துச் சில நாட்களில் கீழே கொண்டுபோய், அங்குள்ள மணலில் மறுபடி இறக்கும்.

எது நகரும், எது தங்கும் என்பதுதான் முக்கியம். தோல் பதனிடும் தொட்டியிலிருந்து வரும் மூவிணைதிற குரோமியம் (குரோமியம்-3) மண்ணோடு ஒட்டிக்கொண்டு அருகிலேயே நின்றுவிடும். குரோமேட் கழிவில் உள்ள அறுவிணைதிற குரோமியம் (குரோமியம்-6) தண்ணீரோடு சேர்ந்து ஓடும். நச்சும் அதற்குத்தான் அதிகம். தோலைக் கெடாமல் வைக்கப் போடும் சாதாரண உப்போ மண்ணில் ஒட்டாது, சிதையாது, எந்த நுண்ணுயிருக்கும் உணவாகாது. நிலத்தடி நீரே மெதுவாக நகர்வதால், வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைக் கிணறுகளில் மிக நீண்ட காலம் நிற்கும் சிக்கல் இந்த உப்புதான்.

கடற்கரையில் நன்னீரும் உவர்நீரும் சந்திக்கும் மணல் ஒரு ரசாயனத் தொட்டி மாதிரி. நிலத்தடி நீரில் கரைந்து வரும் இரும்பு, ஆக்சிஜன் உள்ள கடல்நீரைத் தொட்டதும் துருவாகப் படிந்து பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும். நைட்ரேட் அப்படிச் சிக்காது. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் கொஞ்சம் நைட்ரஜன் வாயுவாகப் போகும். மீதி கடலுக்குள் கசியும். மிதவைப் பாசிகளுக்குத் தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) அணு எண்ணிக்கையில் சுமார் 16-க்கு 1 என்ற அளவில் வேண்டும். கசிவுநீரில் தழைச்சத்து மட்டும் கூடினால் எந்தப் பாசி பெருகும் என்பதே மாறிவிடும். கரியமில வாயு நிறைந்த கசிவு, கரையோரக் கடல்நீரின் கார அமிலத் தன்மையையும் மாற்றும்.

இந்தக் கசிவை நிறுத்துவதும் தீர்வாகாது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், அது கீழே சுமார் 40 மீட்டர் ஆழம்வரை உவர்நீரைத் தள்ளி வைத்திருக்கும். போர் போட்டு நன்னீர் மட்டத்தை அரை மீட்டர் இறக்கினால் உப்பு 20 மீட்டர் மேலே ஏறும். கடலுக்குப் போகும் அந்த நீர் வீணாவதில்லை, காவல் நிற்கிறது.

கசிவை அளக்கும் கருவி எளிமையானது. 200 லிட்டர் டிரம்மின் மூடிப் பக்கத்தை வெட்டி, கடலடி மணலில் கவிழ்த்து அழுத்தி, மேலே உள்ள துளையில் பிளாஸ்டிக் பை கட்ட வேண்டும். டிரம் மூடும் பரப்பு சுமார் கால் சதுர மீட்டர். பையில் முதலிலேயே ஒரு லிட்டர் கடல்நீர் விட்டுவிட வேண்டும். நீர் மணலுக்குள் திரும்பிப் போனால் காலிப் பை அதைக் காட்டாது. இரண்டு மணி நேரத்தில் ஒரு லிட்டர் கூடினால், நாளுக்கு 4.8 செ.மீ. கசிவு. பலரும் தவறுவது இதற்குப் பிறகுதான். டிரம்முக்குள் 10 செ.மீ. வெற்றிடம் இருந்தால் அங்கே 25 லிட்டர் பழைய கடல்நீர் சிக்கியிருக்கும். இந்த வேகத்தில் அது வெளியேற இரண்டு நாளுக்கு மேலாகும். அதற்குள் பை நீரின் உப்பை அளந்துவிட்டு நன்னீரே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. நன்னீர் கசிகிறதா, மணலுக்குள் போன கடல்நீரே திரும்புகிறதா என்பதை உப்பளவு சொல்லும். பருவமழைக்குப் பின் வங்கக் கடலின் உப்பே குறைவதால், அன்றைய கடல்நீரோடுதான் ஒப்பிட வேண்டும்.

வேலூரில் கிணறு வைத்திருப்பவர்களுக்கு டிரம் தேவையில்லை, சரியான மாதிரி போதும். மோட்டாரைப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, பாட்டிலை அதே நீரில் மூன்று முறை கழுவி, விளிம்புவரை நிரப்புங்கள். கையடக்க டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், குரோமியமா நைட்ரேட்டா என்று சொல்லாது. மொத்த குரோமியத்துக்கான பாட்டிலில் ஆய்வகம் நைட்ரிக் அமிலம் சேர்க்கும். அறுவிணைதிற வகைக்குத் தனி பாட்டில், அமிலம் கூடாது. சேர்த்தால் அது வழியிலேயே மூவிணைதிறமாக மாறி, இருப்பதை இல்லை என்று காட்டிவிடும். ஐஸில் வைத்து 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள்.

அறிக்கை கையில் வந்ததும் நைட்ரேட் வரியில் அலகைப் பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 45 மி.கி. நைட்ரேட். சில ஆய்வகங்கள் நைட்ரஜனாகக் கணக்கிட்டு எழுதும். அந்த முறையில் 11 என்று இருந்தால் நைட்ரேட்டாக அது 48-க்கு மேல், அதாவது வரம்பைத் தாண்டிய தண்ணீர்.