முதியோர் இல்லத்தில் உரிமை மீறப்பட்டால் யாரிடம் முறையிடுவது?

கிளினிக் மருந்து நேரத்துக்குக் கொடுப்பதில்லை. கொடுப்பனவுப் பணம் என்னவானது என்று சொல்வதில்லை. பார்க்க வரும் உறவினரைக் காரணமில்லாமல் திருப்பி அனுப்புகிறார்கள். திருகோணமலையில் உங்கள் அம்மம்மாவோ அப்பப்பாவோ இருக்கும் இல்லத்தில் இப்படி நடந்தால், தாராளமாக முறையிடலாம். "சாப்பாடு போடுகிறார்களே, அதுவே பெரிசு" என்று யாரும் வாயடைக்க விடாதீர்கள்.

இதற்கு அடிப்படை 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம். 2011இல் அது திருத்தப்பட்டது. 60 வயதைத் தாண்டியவர்கள் இதன்படி முதியோர். ஐந்து பேருக்கு மேற்பட்ட முதியோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லம் கட்டாயம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். ஆகவே முறைப்பாட்டிலேயே "இந்த இல்லம் பதிவானதா?" என்றும் கேளுங்கள்.

முதலில் போக வேண்டிய இடம், இல்லம் இருக்கும் பகுதியின் பிரதேச செயலகம். நீங்கள் கிண்ணியாவில் இருந்து, இல்லம் திருகோணமலை நகரத்தில் இருந்தால், பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரையோ சமூக சேவை உத்தியோகத்தரையோ கேளுங்கள். மாகாண சபையின் பொறுப்பில் உள்ள இல்லம் என்றால், கிழக்கு மாகாண சமூக சேவைத் திணைக்களத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். தேசிய மட்டத்தில் முதியோருக்கான தேசிய செயலகம் இருக்கிறது, அங்கும் முறையிடலாம். அடி, திருட்டு, பாலியல் தொல்லை என்றால் இதற்கெல்லாம் காத்திருக்காமல் நேரே பொலிஸுக்குப் போங்கள், அவசரமென்றால் 119. முறைப்பாட்டைத் தமிழில் எழுதக் கேட்பது உங்கள் உரிமை. வாசித்து விளங்காத எதிலும் கையெழுத்து வைக்க வேண்டாம்.

அரசோ மாகாண சபையோ நடத்தும் இல்லமாக இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குத் திருகோணமலையில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, ஆணைக்குழுவின் பொதுத் தொலைபேசி இலக்கம் 1996. இதில் நாள் கணக்கு முக்கியம். அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் போக ஒரு மாதம்தான் அவகாசம். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டுவிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. தனியார் இல்லத்தில் நடந்ததற்கு இந்த வழி பொதுவாகப் பொருந்தாது.

முறைப்பாட்டில் நடந்தது என்ன, எந்தத் திகதி, யார் கண்டது என்று எழுதினால் போதும். கிளினிக் கொப்பி, வங்கிப் புத்தகம், காயம் தெரியும் படம் இருந்தால் பிரதி இணையுங்கள். நேரில் கொடுத்தால் திகதி முத்திரையோடு ஒரு பிரதி வாங்குங்கள், இல்லையென்றால் பதிவுத் தபால்.

விசாரணைக்கு வருபவர் முதியவரோடு தனியாகப் பேச வேண்டும். மேற்பார்வையாளர் பக்கத்தில் நின்றால் "எல்லாம் நல்லம் மகன்" என்பதைத் தவிர வேறு பதில் வராது. இதை முறைப்பாட்டிலேயே கேட்டு எழுதுங்கள். முறையிட்ட பிறகு இல்லத்தில் உள்ளவர்கள் முதியவர்மேல் கோபம் காட்டக்கூடும் என்ற பயம் பல குடும்பங்களுக்கு இருக்கிறது, அது நியாயமான பயமும்தான். அதனால் எழுதும் முன் அவரிடமே "முறையிடட்டுமா, பெயர் போடட்டுமா?" என்று கேளுங்கள். எழுதிய பின் அடிக்கடி போய்ப் பாருங்கள். நடத்தும் விதம் மாறினால் அதையும் திகதியோடு எழுதிக் கொடுங்கள், அது தனி முறைப்பாடு.

பிள்ளைகள் செலவுக்குத் தராத பிரச்சினை வேறு. அதற்கு இதே சட்டத்தின் கீழ் உள்ள பராமரிப்புச் சபையிடம் முதியவரே விண்ணப்பிக்கலாம்.

கொடுத்த முறைப்பாட்டுக்குப் பதிலே வரவில்லையா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி அதே அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் "விசாரணை நடந்ததா, அறிக்கை எங்கே?" என்று எழுதிக் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் உங்களுக்குச் சொல்லியாக வேண்டும்.