ஸ்திரீபார்ட்டுக்குத் தமிழ் என்ன?

சீனர்களின் ஏழாம் மாதம் வந்துவிட்டால் பினாங்கில் தெருவோரம் வாயாங் எனப்படும் சீனக் கூத்து மேடைகள் முளைத்துவிடும். ஜார்ஜ்டவுனில் அப்படி ஒரு ஹொக்கியன் கூத்தை நின்று பார்த்தபோது, வாளோடு வந்த இளவரசனைக் காட்டி அத்தை சொன்னார்: "அது பொம்பளைடா. நம்ம ஸ்திரீபார்ட்டைத் திருப்பிப் போட்ட மாதிரி."

பழைய தமிழ் நாடகக் கம்பெனிகளின் சொல்லான ஸ்திரீபார்ட் இரண்டு இரவல்களின் கூட்டு. ஸ்திரீ வடமொழி, பார்ட் ஆங்கிலம். ராஜபார்ட், கள்ளபார்ட் எல்லாம் இதன் கூடப்பிறந்தவை. நேர்ப்பொருள் 'பெண் பாத்திரம்' என்பதுதான். பெண்ணே நடித்தாலும் ஸ்திரீபார்ட்தான். ஆனால் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய நாடக சபையைப் போன்ற, சிறுவர்களே நடிக்கும் பாய்ஸ் கம்பெனிகளில் சீதையும் வள்ளியும் பையன்கள்தான். மகரக்கட்டு வந்து குரல் உடையும்வரை அவர்களுக்கு மவுசு. அதனால் 'பெண்ணாக நடிக்கும் ஆண்' என்ற பொருளும் சொல்லில் ஒட்டிக்கொண்டது. குரல் உடைந்த பிறகும் பெண்ணாக நடித்துப் பேர் வாங்கியவர்கள் உண்டு. ஔவையாராக நடித்த டி.கே. சண்முகத்துக்கு அந்தப் பாத்திரமே பட்டமாகி, அவர் அவ்வை சண்முகம் ஆனார்.

அத்தை சொன்ன 'திருப்பிப் போட்டது'ம் நம்மிடம் உண்டு. 1935இல் வந்த பக்த நந்தனார் படத்தில் நந்தனாராக நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள். அவரை ஸ்திரீபார்ட் என்று எப்படிச் சொல்வது? இந்த இடத்தில்தான் சொல் கைவிடுகிறது.

மாறுவேடம் என்று சொல்லலாமா? அது ஆளை மறைப்பதற்கு. நம் தமிழ்ப்பள்ளி மாறுவேடப் போட்டியில் பாரதியார், போலீஸ்காரர், சில சமயம் ஒரு தக்காளிகூட வரும்.

பழைய சொல் ஒன்று இருக்கிறது: பேடி. சிலப்பதிகாரக் கடலாடு காதையில் மாதவி ஆடும் பதினோர் ஆடல்களில் ஒன்று, "ஆண்மை திரிந்த பெண்மைக் கோலத்துக் காமன் ஆடிய பேடி ஆடல்". மணிமேகலையிலும் புகார் வீதியில் பேடிக் கூத்தைக் கூடி நின்று பார்க்கிறார்கள். ஆனால் இன்றைக்குப் பேடி என்றால் கோழை, வசவு. அதை மீட்டெடுக்க முயல்வது வீண் வேலை என்பது என் எண்ணம். அதே அடியில் இளங்கோ இன்னொரு சொல்லையும் வைத்திருக்கிறார் பாருங்கள்: கோலம்.

பெண்கோலம், ஆண்கோலம். இரண்டு திசைக்கும் பொருந்தும். சுந்தராம்பாள் பூண்டது ஆண்கோலம். கிளந்தானின் மலாய் நாட்டிய நாடகமான மாக் யோங்கில் ராஜாவாகிய பாக் யோங்கைப் பெரும்பாலும் பெண்ணே ஆடுவார், அதுவும் ஆண்கோலம். 1786இல் வியன்னாவில் அரங்கேறிய மோட்சார்ட்டின் ஃபிகாரோ ஓப்பராவில் கெருபினோ என்ற விடலைப் பையனாகப் பாடுவது ஒரு பெண். கதையில் அந்தப் பையனுக்குப் பெண் உடை வேறு போட்டுவிடுகிறார்கள். ஆண்கோலத்தின்மேல் பெண்கோலம்! மாறுவேடம் என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு இதை விளக்கிப் பாருங்கள்.

மேடைக்கு வெளியே கொஞ்சம் கவனம் வேண்டும். திருநங்கை சேலை கட்டுவது பெண்கோலம் அல்ல, அது அவருடைய உடை. செய்தி எழுதுகிறவர்கள் இதில் அடிக்கடி வழுக்குகிறார்கள். கேளிக்கைக்காக ஒரு நாள் சேலை கட்டும் ஆணுக்குப் பெண்கோலம் சரி.

அப்புறம் அத்தையிடம் இந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தேன். "பெண்கோலமா? யாருக்குக் கல்யாணம்?" என்றார். மணக்கோலம் பத்திரிகைகளில் இன்னும் உயிரோடு இருக்கிறதே, அதன் வேலை. அதனால் 'பெண்கோலம் பூண்ட நடிகர்' என்று முழுசாகவே எழுதிவிடுகிறேன்.